பயாப்சி ரிப்போர்ட்டில் ‘ஆப்செஸ்’: வயிற்றுக்குள் சீழ்க்கட்டியா?

கேள்வி: டாக்டர், மூன்று மாதமாக மலத்தில் ரத்தமும் சளியும் போனது. அமீபா என்று இரண்டு தடவை மாத்திரை சாப்பிட்டும் நிற்கவில்லை. கொலோனோஸ்கோப்பி செய்துவிட்டு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் ‘கிரிப்ட் டிஸ்டார்ஷன்’, ‘கிரிப்ட் ஆப்செஸ்’ என்று இருக்கிறது. ஆப்செஸ் என்றால் சீழ்க்கட்டிதானே, ஆபரேஷன் செய்யணுமா? மெசாலமைன் மாத்திரையில் இப்போது ரத்தம் நின்றுவிட்டது. நிறுத்திவிடலாமா?
– வாசகி, சேலம்

பதில்: முதுகில் வருகிற கட்டி மாதிரி கீறி எடுக்கிற சமாச்சாரம் இல்லை இது, மைக்ராஸ்கோப்பில் மட்டுமே தெரியும். பெருங்குடலின் உட்சவ்வு முழுக்க நுண்ணிய குழிகள் இருக்கும், அவைதான் கிரிப்ட். நல்ல குடலில் அவை லேப் ஸ்டாண்டில் செருகிய டெஸ்ட் டியூப் போல நேராக, ஒட்டி ஒட்டி நிற்கும், சுவரெல்லாம் சளி சுரக்கும் செல்கள். உங்களுக்கு வந்திருக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸில், அதாவது பெருங்குடலின் உட்சவ்வு நாள்பட அழற்சியாகிப் புண்ணாகும் நோயில், நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணுக்கள் அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு குழிக்குள் இறங்கிக் குவிந்துவிடும். அந்தக் குவியலுக்குப் போய் ஆப்செஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ரிப்போர்ட்டைப் படிக்கிறவர் பயப்படாமல் என்ன செய்வார்?

உண்மையில் நீங்கள் கவனிக்க வேண்டிய வார்த்தை டிஸ்டார்ஷன், அதாவது குழிகளின் வடிவம் குலைந்துபோவது. கிருமியால் வரும் சீதபேதியிலும் நியூட்ரோஃபில் குவியும், ஆனால் குழிகளின் வரிசை பெரும்பாலும் கலையாது. உங்களுக்கு அந்த டியூப்கள் கிளைவிட்டு, குட்டையாகி, அடிவரை எட்டாமல் நிற்கின்றன. இப்படி ஆக நாலைந்து நாள் போதாது, வாரக்கணக்கில் ஆகும். நாள்பட்ட நோய் என்று திசுவைப் பரிசோதிக்கும் பேத்தாலஜிஸ்ட் சொல்வது இதை வைத்துத்தான். அமீபா என்றால் திசுவில் அந்தக் கிருமியையே தேடுவார்கள், பல நேரம் சிவப்பணுவை விழுங்கிய கோலத்தில் மாட்டும். நம் ஊரில் டிபியையும் மறக்கக் கூடாது, அதற்கு கிரானுலோமா என்கிற, அழற்சி செல்கள் கூடிக் கட்டும் சிறு முடிச்சு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் பொதுவாக அது இருக்காது, அழற்சியும் குடல் சுவரின் உட்பக்க அடுக்கோடு நின்றுவிடும்.

சரி, மாத்திரை. நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் நின்று, ஸ்கோப்பில் குடல் பளிச்சென்று தெரிந்தாலும் பயாப்சியில் நியூட்ரோஃபில் மிச்சம் இருக்கலாம், அப்படி இருப்பவர்களுக்குத்தான் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். நடுவில் மலத்தில் கால்புரொடெக்டின் (நியூட்ரோஃபிலிலிருந்து வெளிவரும் புரதம்) டெஸ்ட் செய்தால் உள்ளே அழற்சி இருக்கிறதா என்று ஓரளவு தெரியும். அப்புறம், அறிகுறி தொடங்கி சுமார் 8 வருஷம் ஆனதும் புற்றுநோய்க்கான கண்காணிப்பு கொலோனோஸ்கோப்பி செய்யச் சொல்வார்கள். அதனால் இந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், முடிந்தால் ஸ்லைடையும் லேபில் கேட்டு வாங்கி வையுங்கள்.