புல்தரையிலிருந்து எழும்பச் சிறு விமானத்துக்கு ஏன் அதிக தூரம் வேண்டும்?

தார் போடாமல், புல்லை ஒட்ட வெட்டி வைத்த ஓடுதளம்தான் புல்தரை ஓடுதளம். இங்கிலாந்தில் செஸ்னா 152 போன்ற இரண்டு இருக்கை விமானம் வைத்திருக்கும் பலர் இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் பறக்கிறார்கள்.

புல்லும் இளகிய மண்ணும் சக்கரத்தைப் பிடித்து இழுப்பதால் வேகம் மெதுவாகத்தான் ஏறும். தார் ரோட்டிலிருந்து மணலில் இறங்கிய சைக்கிள் மாதிரி. விமானத்தின் கையேட்டில் உள்ள தூரத்தோடு காய்ந்த புல்லுக்கு 20 சதவீதம், ஈரப்புல்லுக்கு 30 சதவீதம் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம். காலைப் பனியில் நனைந்ததும் ஈரப்புல்தான், அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஓடத் தொடங்கும்போதே விமானி ஸ்டியரிங் மாதிரி இருக்கும் கட்டுப்பாட்டுப் பிடியைத் தன் பக்கம் இழுத்து, முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைப்பார்.

சரி, புல் இழுத்துப் பிடித்தால் இறங்கும்போது சீக்கிரம் நின்றுவிடுமே என்று நினைக்கலாம். நிற்காது. ஈரப்புல்லில் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். இறங்குவதற்கு 35 சதவீதம் கூடுதல் தூரம் வேண்டும்.