ஒன்றரை வயதுக்குப் பேசும் புத்தகம் வாங்கலாமா?

சகோதரி, பொத்தானை அழுத்தினால் ஏ, பி, சி சொல்லும் புத்தகத்தை 18 மாத மகளுக்கு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பேட்டரி மூடியைப் பாருங்கள். திருகாணி போட்டு இறுக்கியிருக்காவிட்டால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். காசு வடிவப் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாக அரித்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். 2021 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

'பேச்சு வளரும்' என்று அட்டையில் அச்சடித்திருப்பதை நான் நம்புவதில்லை. 10 முதல் 16 மாதக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2016-இல் வெளியானது. படப் புத்தகத்தோடு விளையாடும்போது பேசிய அளவுக்கு, மின்னணு பொம்மையோடு விளையாடும்போது பெற்றோர் பேசவில்லை; குழந்தைகளும் குறைவாகவே குரல் எழுப்பினார்கள். பொம்மை பேசினால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம், அவ்வளவுதான். (எங்கள் வீட்டுக்குப் பரிசாக வந்த ஒன்றின் ஒலிபெருக்கியில் செலோடேப் ஒட்டிய பிறகுதான் நிம்மதி வந்தது.)

வாங்கியே ஆக வேண்டுமென்றால், ஒலியை அணைக்கும் விசை உள்ளதாகப் பாருங்கள். அணைத்துவிட்டு, "மாடு எங்கே இருக்கிறது?" என்று நீங்களே கேளுங்கள்.