போலீஸ் வராது ஐயா, பையன் படிக்கட்டும்

வணக்கம் ஐயா. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும் உங்கள் பையன் விடிய விடிய சர்வரைக் கவிழ்க்கிறானே, போலீஸ் வந்துவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். தம்பியிடம் பேசினேன். அவன் கவிழ்ப்பது தன் லேப்டாப்புக்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷினை, அதாவது சாஃப்ட்வேராலேயே ஆன கம்ப்யூட்டரைத்தான். அடுத்தவர் சர்வரில் கை வைத்தால்தான் வம்பு: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் 3 வருஷம் வரை சிறை உண்டு. கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அவன் படிப்பதைத் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் உங்கள் மெஸ்ஸை வைத்தே சொல்கிறேன். நாற்பது இலைதான் போட முடியும். யாரோ போனில் வருவதாகச் சொல்ல, இலை போட்டுத் தண்ணீர் தெளித்துக் காத்திருக்கிறீர்கள். ஆள் வரவில்லை. நாற்பது இலையும் அப்படியே கிடக்க, பசியோடு வந்தவர் வாசலில் நிற்கிறார். சர்வருக்கு இலை என்பது மெமரி, போன் என்பது இணைப்புக் கேட்டு வரும் செய்தி. இந்தத் தாக்குதலுக்கு சின் ஃபிளட் என்று பெயர். 1996-இல் நியூயார்க்கில் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனமே இதில் முடங்கியது. அதே வருஷம் டேனியல் பெர்ன்ஸ்டைன் சொன்ன வழி: முதலில் டோக்கன் மட்டும் கொடு, டோக்கனோடு திரும்பி வந்தவருக்கு இலை போடு. அந்த டோக்கனுக்கு சின் குக்கீ என்று பெயர், இன்றும் லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கிறது.

2009-இல் வந்த ஸ்லோலாரிஸ் என்ற தாக்குதல் வேறு ரகம். உட்கார்ந்து நிமிஷத்துக்கு ஒரு பருக்கை சாப்பிடுகிற ஆசாமி. அவருக்கு நேரக் கெடு வைத்து எழுப்ப வேண்டியதுதான்.

தம்பி 512 எம்பி மெமரி கொடுத்து ஓட்டிய மெஷினில், வெப் சர்வரைத் தாக்கினால் டேட்டாபேஸ் செத்துப்போனதாம். ஏன் என்று கேட்டேன். "மெமரி தீர்ந்தால் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் குற்றவாளியைத் தேடாது சார், அதிகம் தின்கிற புரோகிராமைப் பிடித்துக் கொல்லும். அதனால் ஒவ்வொன்றுக்கும் சிகுரூப் என்ற லினக்ஸ் வசதியில் தனி மெமரி அளவு வைத்தேன்" என்றான். இந்தப் பதில் சொல்கிற பையன் லினக்ஸ் அட்மின் வேலைக்கோ, சர்வர்கள் முடங்காமல் பார்த்துக்கொள்ளும் எஸ்ஆர்இ வேலைக்கோ நேர்காணலில் தைரியமாக உட்காரலாம்.

சி மொழி, ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் மூன்றையும் ஆழமாகப் படிக்கட்டும். மேலே படிக்க ஆசை இருந்தால் எம்.டெக். படிப்புக்கான கேட் தேர்வு எழுதட்டும். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கடலூரிலிருந்து தினமும் போய்வரக்கூடிய தூரம்தான்.

அப்புறம், பையனைச் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்ட அந்த மூன்று மாத ஹேக்கிங் கோர்ஸ். பணம் கட்ட வேண்டாம். அவன் லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான் இருக்கிறது, முடிந்தால் 16 ஆக்கிக் கொடுங்கள்.