ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளின் வாசிப்பைக் கணினியில் சோதிப்பது சரிவருமா?

சரிவரும், டெப் (கையடக்கத் தொடுதிரைக் கணினி) ரீச்சரின் கையில் இருந்தால். பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு மார்க்கை நம்பினால் சரிவராது.

நான் திருகோணமலையில், மூதூர்ப் பக்கம் தரம் 2 படிப்பிக்கிறேன். போன தவணை ஒரு செயலியை வகுப்பில் போட்டுப் பார்த்தோம். படம் வரும், கீழே நான்கு சொற்கள், சரியானதைத் தொட வேண்டும். மீன் படத்துக்கு மீன், கதவு, பூனை, வள்ளம். ஒரு பையன் 20க்கு 18 எடுத்தான். புத்தகத்தைக் கொடுத்தால் என் வாயைப் பார்க்கிற பிள்ளை அவன்! தாளில் மீன், மான், மண் என்று எழுதிக் கேட்டேன். மூன்றும் அவனுக்கு மீன்தான். ‘ம’ தெரிகிறது, மானில் வரும் அரவும் மீனில் வரும் விசிறியும் கண்ணில் படவே இல்லை. தமிழின் 247 எழுத்தில் 216 உயிர்மெய். பிள்ளைகள் தடக்குப்படுவதே அங்கேதான், அந்தச் செயலி அதைத் தொடவே இல்லை. போதாததற்கு, கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நான்கில் ஒன்று சரியாகும்.

இன்னொருத்தி வடிவாக வாசிப்பாள், மார்க் குறைவு. வீட்டில் போனைத் தொடவிடாத பிள்ளை, விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

சின்ன வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பைப் பார்க்க ஈக்ரா (EGRA) என்றொரு சோதனை இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்டிஐ (RTI International) என்ற ஆய்வு நிறுவனம் 2006 அளவில் தொடங்கியது. அதை நடத்த அவர்களே டேஞ்சரின் என்ற மென்பொருளும் செய்தார்கள். பிள்ளையின் முன்னால் வெறும் தாள், டெப் நம்மிடம். 60 செக்கனில் பிள்ளை வாசிக்க வாசிக்கப் பிழையான சொல்லை மட்டும் தொடுவோம். பிள்ளை தானே திருத்தினால் மறுபடி தொட்டு அழிக்கலாம். முதல் வரி முழுக்கப் பிழை என்றால் சோதனை அதோடு நின்றுவிடும், பிள்ளை கிடந்து தவிக்கத் தேவையில்லை. நேரத்தையும் கணக்கையும் அது பார்த்துக்கொள்வதால் நமக்குக் காது மிஞ்சும். பொருளில்லாத சொற்களும் அதில் உண்டு. அதே பாணியில் ‘கபல்’ என்று நானே எழுதிக் காட்டினேன், பாதிப் பேர் ‘கப்பல்’ என்றார்கள். எழுத்துக்கூட்டுகிறவன் யார், ஊகிக்கிறவன் யார் என்று அதில் தெரிந்துவிட்டது.

அப்புறம், பிள்ளை வாசிப்பதைக் கேட்டுக் கணினியே மார்க் போடும் என்பார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்றுதான் வாசிப்பார்கள். அது பேச்சு, வாசிப்புப் பிழை இல்லை. அதற்கும் புள்ளடி போட்டால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பெயில், என்னையும் சேர்த்துத்தான்.