குறை டியூபிலா, உடம்பிலா? மருத்துவ உயிர்வேதியியல் கேள்வி பதில்

கேட்பவர்கள் மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், செவிலியர், ஆய்வக டெக்னீஷியன்கள். பதில் சொல்பவர் ஆய்வகத்தில் ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் உயிர்வேதியியல் மருத்துவர்.

கேள்வி (பயிற்சி மருத்துவர்): மேடம், வார்டில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு பொட்டாசியம் 7.4 என்று வந்திருக்கிறது. கால்சியம் 5.1, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 12. ஈ.சி.ஜி. சாதாரணம், சிறுநீரகக் கோளாறும் இல்லை. உடனே மருந்து போட வேண்டுமா?

பதில்: மூன்று எண்களையும் சேர்த்துப் படியுங்கள். பொட்டாசியம் ஏறி, கால்சியமும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் ஒன்றாக விழுந்திருக்கின்றன. இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடியது ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் தடுக்க வைத்திருக்கும் ஈ.டி.டி.ஏ. அது பொட்டாசியம் உப்பாகத்தான் டியூபில் இருக்கிறது, அதனால் பொட்டாசியம் ஏறும். கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் வேலை செய்ய துத்தநாகமும் மக்னீசியமும் வேண்டும். அவற்றையும் அது பிடுங்கிக்கொள்வதால் நொதி முடங்கிவிடும். கால்சியம் உண்மையிலேயே 5.1 என்றால் கை கால் இழுத்துக்கொண்டிருக்கும், ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. நீண்டிருக்கும்.

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: சிவப்பு டியூபில் ரத்தம் போதவில்லை, ஊதா டியூபில் மிச்சம் இருக்கிறது, அதிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிடுவார்கள். அல்லது ஊதா டியூபை முதலில் நிரப்பி, அதே ஊசியால் அடுத்ததைக் குத்துவார்கள். முதலில் கல்ச்சர் பாட்டில், பிறகு நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல் என்ற வரிசை இதற்காகத்தான் வகுக்கப்பட்டது.

ரத்த அணுக்கள் உடைந்து பொட்டாசியம் ஏறினால் சீரம் இளஞ்சிவப்பாக இருக்கும், அணுவுக்குள் இருக்கும் எல்.டி.ஹெச்., எஸ்.ஜி.ஓ.டி., பாஸ்பேட் எல்லாம் கூடவே ஏறும், கால்சியம் இப்படி விழாது. டிரிப் ஓடும் கையில் எடுத்திருந்தால் டிரிப்பில் இருப்பது மட்டும் எகிறி, மற்றதெல்லாம் நீர்த்துப்போயிருக்கும்.

செய்ய வேண்டியது: மறு கையில் புதிதாக எடுத்து உடனே அனுப்புங்கள், ரத்த வாயு இயந்திரத்திலும் ஒரு பொட்டாசியம் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை. ஈ.சி.ஜி. சாதாரணமாக இருப்பது மட்டுமே 'பொட்டாசியம் ஏறவில்லை' என்பதற்குச் சாட்சி ஆகாது. இங்கே நம்மைக் காப்பாற்றுவது கால்சியமும் பாஸ்பட்டேஸும்தான். ஈ.சி.ஜி.யில் மாற்றம் இருந்தால் மறு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்குங்கள்.

கேள்வி (ஆய்வக டெக்னீஷியன்): இரவில் வரும் சாம்பிளை சுழற்றாமல் ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் ஓட்டலாமா?

பதில்: கூடாது. குளிரில் சோடியம்–பொட்டாசியம் பம்ப் நின்றுபோகும். அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். சீரம் நிறம் மாறாததால் யாருக்கும் சந்தேகமும் வராது. வெளியே வைத்தாலும் பிரச்சினைதான்: அணுக்கள் குளுக்கோஸை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை தின்றுவிடும். சுழற்றி, சீரத்தைப் பிரித்து, அதை ஃபிரிட்ஜில் வையுங்கள். சாம்பல் டியூபை முழுதாக நம்ப வேண்டாம். அதிலுள்ள ஃபுளோரைடு எனோலேஸ் நொதியைத்தான் தடுக்கிறது. அதற்கு முந்தைய படிகள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருப்பதால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குளுக்கோஸ் குறையவே செய்யும்.

கேள்வி (இறுதியாண்டு மாணவி): மேடம், ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயு) கேஸ் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. இதை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்: பி.ஹெச். 7.24, பி.சி.ஓ.2 24, பைகார்பனேட் 10, சோடியம் 132, குளோரைடு 94, பொட்டாசியம் 5.6, குளுக்கோஸ் 480, கிரியேட்டினின் 2.1, ஆல்புமின் 4. சிறுநீரில் கீட்டோன் ஒரு பிளஸ்தான்.

பதில்: முதலில் இந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்மா. ஹைட்ரஜன் அயனி = 24 × பி.சி.ஓ.2 ÷ பைகார்பனேட். 24 × 24 ÷ 10 = 57.6 நானோமோல். பி.ஹெச். 7.20 என்றால் 63, 7.30 என்றால் 50, ஆக 57.6 என்பது 7.24-க்குச் சரியாக உட்காருகிறது. உட்காராவிட்டால் எங்கோ எழுத்துப்பிழை, அல்லது இரண்டு வேறு நேரத்து ரத்தம். மேற்கொண்டு கணக்குப் போடுவது வீண்.

பி.ஹெச். குறைவு, பைகார்பனேட் குறைவு: வளர்சிதை அமிலத்தேக்கம். நுரையீரல் அதற்கு ஈடுகொடுக்கிறதா? எதிர்பார்க்கும் பி.சி.ஓ.2 = 1.5 × 10 + 8 = 23, கூடக்குறைய 2. வந்திருப்பது 24, சரி. இதே நோயாளிக்கு 34 என்று வந்திருந்தால் 'நார்மலுக்குப் பக்கம்தானே' என்று நிம்மதி அடையாதீர்கள். மூச்சு தளர்கிறது என்று பொருள்.

ஆனயான் கேப், அதாவது நேரடியாக அளக்காத எதிர்மின் அயனிகளின் அளவு: 132 – (94 + 10) = 28. அளந்த சோடியத்தையே போடுங்கள். சர்க்கரைக்காகத் திருத்திய சோடியத்தை, 100-க்கு மேல் ஒவ்வொரு 100-க்கும் 1.6 கூட்டினால் இங்கே ஏறத்தாழ 138, இந்தக் கணக்கில் போடக் கூடாது. தேர்விலும் வார்டிலும் அதிகம் பார்க்கும் தவறு இது. கேப் சாதாரண 12-லிருந்து 16 ஏறியிருக்கிறது, பைகார்பனேட் சாதாரண 24-லிருந்து 14 இறங்கியிருக்கிறது, ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. ஒளிந்திருக்கும் இரண்டாவது கோளாறு எதுவும் இல்லை. ஆல்புமின் 4-க்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் கேப்பில் 2.5 கூட்டிக்கொள்ளுங்கள், ஆல்புமின் 2 உள்ளவருக்கு வரும் 'நார்மல்' 12 உண்மையில் 17.

இது சர்க்கரை நோயில் வரும் கீட்டோன் அமிலத்தேக்கம். அப்படியானால் கீட்டோன் ஏன் ஒரு பிளஸ்? குச்சியில் இருக்கும் நைட்ரோபுரூசைடு அசிட்டோஅசிட்டேட்டைத்தான் காட்டும். இந்த நிலையில் ரத்தத்தில் மலிந்திருப்பது பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட். குச்சிக்கு அது கண்ணிலேயே படாது. ரத்தத்தில் அதை நேரடியாக அளங்கள். கிரியேட்டினின் 2.1-ஐயும் கொஞ்சம் சந்தேகியுங்கள்: கிரியேட்டினினை நிறத்தை வைத்து அளக்கும் ஜாஃபே முறையில் அசிட்டோஅசிட்டேட்டும் அதே நிறத்தைத் தரும். நொதி முறையில் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள்.

பொட்டாசியம் 5.6 என்பது ஏமாற்று எண். இன்சுலின் இல்லாததால் அது செல்லுக்கு வெளியே நிற்கிறது. உடம்பின் மொத்த இருப்பு சிறுநீரில் போய்க் குறைந்திருக்கிறது. இன்சுலின் ஏற்றிய சில மணி நேரத்தில் சரியும். தொடக்கத்திலேயே 3.5-க்குக் கீழே இருந்தால் முதலில் பொட்டாசியம், பிறகுதான் இன்சுலின்.

அதே மாணவி: சிகிச்சைக்குப் பிறகு கேப் 11 ஆகிவிட்டது. ஆனால் பைகார்பனேட் 17-லேயே நிற்கிறது, சிறுநீர்க் கீட்டோன் மூன்று பிளஸ் ஆகிவிட்டது. மோசமாகிறதா?

பதில்: தேறிவருகிறார். பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் திரும்ப அசிட்டோஅசிட்டேட்டாக மாறுவதால் குச்சி இப்போதுதான் அதைப் பார்க்கிறது. பைகார்பனேட் நிற்பதற்குக் காரணம் நார்மல் சலைன். அதில் குளோரைடு 154. தவிர, பைகார்பனேட்டாக மாறியிருக்க வேண்டிய கீட்டோன்கள் ஏற்கெனவே சிறுநீரில் போய்விட்டன. குளோரைடைப் பாருங்கள், ஏறியிருக்கும். சிறுநீரகம் ஓரிரு நாளில் சரிசெய்துகொள்ளும். இதற்காக இன்சுலினைக் கூட்ட வேண்டாம்.

கேள்வி (செவிலியர்): மஞ்சள் காமாலை நோயாளிக்கு எஸ்.ஜி.பி.டி. 2400-லிருந்து மூன்று நாளில் 300 ஆகிவிட்டது. வீட்டார் சந்தோஷமாக இருக்கிறார்கள். சந்தோஷப்படலாமா?

பதில்: ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) என்ன என்று கேட்டுவிட்டுச் சொல்கிறேன். எஸ்.ஜி.பி.டி. என்பது உடைந்த ஈரல் செல்லிலிருந்து சிந்தியது. உடைய இனிச் செல்லே இல்லை என்றாலும் அது இறங்கும். ஐ.என்.ஆரும் பிலிருபினும் சேர்ந்து இறங்கினால் ஈரல் தேறுகிறது. எஸ்.ஜி.பி.டி. இறங்க, ஐ.என்.ஆர். ஏற, சர்க்கரை விழ, ஆள் குழறலாகப் பேச ஆரம்பித்தால் ஈரல் கைவிடுகிறது; அன்றே ஈரல் மாற்று அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்தோடு பேச வேண்டும். ஆல்புமின் இதற்கு உதவாது: அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 20 நாள், மூன்று நாளில் நடப்பது அதில் தெரியாது. உறைதல் காரணி ஏழின் அரை ஆயுள் 4 முதல் 6 மணி நேரம்தான்.

ஐ.என்.ஆர். ஏறியது பித்தநீர் அடைப்பாலா, ஈரல் செயலிழப்பாலா என்று பிரிக்க வைட்டமின் கே 10 மி.கி. நரம்பு வழியாக மெதுவாகக் கொடுத்து ஒரு நாள் கழித்துப் பாருங்கள். அடைப்பு என்றால் இறங்கும். தொழிற்சாலையே மூடிவிட்டால் கச்சாப்பொருள் கொடுத்து என்ன பயன்?

கேள்வி (பொது மருத்துவர்): வீட்டில் பார்க்கும் சர்க்கரை எப்போதும் 180 முதல் 220. ஹெச்.பி.ஏ.1சி. மட்டும் 4.9. எதை நம்ப?

பதில்: 28.7 × 4.9 – 46.7 = 94. அதாவது 4.9-க்குச் சராசரிச் சர்க்கரை 94 இருக்க வேண்டும். இவ்வளவு இடைவெளி என்றால் சிவப்பணு சீக்கிரம் சாகிறது என்று முதலில் நினையுங்கள். சர்க்கரை ஒட்டுவதற்குள் அணு போய்விடுகிறது. ரெட்டிகுலோசைட், எல்.டி.ஹெச்., ஹேப்டோகுளோபின் அனுப்புங்கள். சமீபத்தில் ரத்தம் ஏற்றினார்களா, இரும்புச்சத்து ஊசி போட்டார்களா என்றும் கேளுங்கள். மாறுபட்ட ஹீமோகுளோபின் இருந்தால் சில முறைகளில் எண் கீழே, சில முறைகளில் மேலே போகும். எந்த முறையில் ஓட்டினார்கள் என்று ஆய்வகத்தைக் கேட்பதில் வெட்கமில்லை. இரும்புச்சத்துக் குறைவில் நேர்மாறு, ஹெச்.பி.ஏ.1சி. ஏறித்தான் வரும். இவருக்கு ஃபிரக்டோசமைன் (ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரை) வைத்துத் தொடருங்கள், ஆல்புமின் சாதாரணமாக இருந்தால்.

கேள்வி (முதுநிலை மாணவர்): தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 0.02, ஃப்ரீ டி4 மிக அதிகம். படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, நாடி 72.

பதில்: முடி கொட்டுவதற்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். பயோட்டின் என்ற வைட்டமினின் ஒரு நாள் தேவை ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். அந்த மாத்திரைகளில் பயோட்டின் 5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்கும். பயோட்டினையே பிணைப்பாகப் பயன்படுத்தி அளக்கும் ஸ்டிரெப்டாவிடின்–பயோட்டின் முறையில் டி.எஸ்.ஹெச். பொய்யாக இறங்கும், ஃப்ரீ டி4 பொய்யாக ஏறும், இரண்டும் சேர்ந்து தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயைப் போலவே வேஷம் கட்டும். மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள்.

கேள்வி (பயிற்சி மருத்துவர்): கணைய அழற்சியில் சோடியம் 119. ஆள் தெளிவாகப் பேசுகிறார். 3 சதவீத சலைன் ஏற்றச் சொல்கிறார்கள். அமைலேஸும் சாதாரணம்.

பதில்: ஏற்றுவதற்கு முன் சுழற்றிய டியூபைக் கண்ணால் பாருங்கள். சீரம் பால் மாதிரி இருக்கிறதா? டிரைகிளிசரைடு பல ஆயிரத்தில் இருக்கும். பிளாஸ்மாவில் சாதாரணமாக 93 சதவீதம் தண்ணீர், சோடியம் அந்தத் தண்ணீரில்தான் கரைந்திருக்கிறது. பெரிய இயந்திரங்கள் குறிப்பிட்ட அளவு சீரத்தை எடுத்து நீர்த்து அளக்கின்றன. அந்த அளவில் கொழுப்பு இடம் பிடித்துக்கொண்டால் தண்ணீர் குறைவு, சோடியமும் குறைவாகத் தெரியும். ரத்த வாயு இயந்திரம் நீர்க்காமல் நேரடியாக அளப்பதால் உண்மை தெரியும். அளந்த ஆஸ்மோலாலிட்டியும் 280 முதல் 295-க்குள் இருந்தால் சோடியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தச் சலைன்தான் ஆபத்து. அதே கொழுப்பு அமைலேஸ் பரிசோதனையிலும் குறுக்கிட்டுப் பொய்யாகச் சாதாரணம் காட்டும், லைப்பேஸ் பாருங்கள்.

கேள்வி (குழந்தைகள் நலப் பிரிவு மாணவி): எட்டு மாதக் குழந்தை. ஒரு நாளாக வாந்தி, பால் குடிக்கவில்லை. இப்போது மயக்கம். குளுக்கோஸ் 28, ஈரல் பெரிதாக இருக்கிறது, சிறுநீரில் கீட்டோன் இல்லை. என்ன அனுப்புவது?

பதில்: 'கீட்டோன் இல்லை' என்பதுதான் இந்தக் கேஸின் சாவி. ஒரு நாள் பட்டினி கிடந்த குழந்தைக்குக் கீட்டோன் கொட்ட வேண்டும். கொட்டாததற்குக் காரணம் இரண்டில் ஒன்று: இன்சுலின் மிகுந்து கொழுப்பு கரையவே இல்லை, அல்லது கரைந்த கொழுப்பை ஈரலால் எரிக்க முடியவில்லை. ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் இதைப் பிரித்துவிடும். முதலாவதில் குறைவு, இரண்டாவதில் மிக அதிகம். எரிக்க முடியாதபோது அசிட்டைல் கோ.ஏ. உருவாகாது, அது இல்லாமல் கீட்டோனும் வராது, பைருவேட் கார்பாக்ஸிலேஸும் கிளம்பாது. ஆகவே புதுக் குளுக்கோஸும் நின்றுவிடும்.

குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் ரத்தம் எடுங்கள். ஏற்றிய பிறகு சாட்சிகள் எல்லாம் கலைந்துவிடும். ஆனால் அதற்காக இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவிடாதீர்கள். கான்யுலா போடும்போதே எடுத்துவிடலாம். சாம்பல் டியூபில் குளுக்கோஸ், லேக்டேட். சீரத்தில் இன்சுலின், கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன், ஃப்ரீ ஃபேட்டி ஆசிட், பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட். ஊதா டியூபில் அம்மோனியா, ஐஸில் வைத்துக் கையோடு கொண்டுபோய் 15 நிமிடத்துக்குள் சுழற்ற வேண்டும். தாமதித்தால் டியூபிலேயே ஏறும். வடிகட்டி அட்டையில் சில சொட்டு, அசைல்கார்னிட்டினுக்கு. முதலில் வரும் சிறுநீர் மொத்தமும் ஆர்கானிக் ஆசிட்டுக்கு. ரத்தம் போதவில்லை என்றால் அட்டையையும் சிறுநீரையும் விட்டுவிடாதீர்கள்.

உடனே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மி.லி., பிறகு தொடர்ந்து டிரிப். அட்டையில் சி8 (எட்டுக் கார்பன் அசைல்கார்னிட்டின்) ஏறியிருந்தால் எம்.சி.ஏ.டி. குறைபாடு. அப்போது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எண்ணெய் கலந்த பால்பவுடர் கொடுக்கக் கூடாது; அவர்களால் எரிக்க முடியாதது அதுதான். லேக்டேட், யூரிக் ஆசிட், டிரைகிளிசரைடு மூன்றும் ஏறியிருந்து, மூன்று நான்கு மணி நேரப் பசிக்கே சர்க்கரை விழும் குழந்தை என்றால் குளுக்கோஸ்-6-பாஸ்பட்டேஸ் குறைபாட்டைத் தேடுங்கள்.

கேள்வி (மாணவர்): தசை நொதியான மொத்த சி.கே. 140, அதில் இதயத் தசையில் அதிகம் உள்ள வகையான சி.கே.எம்.பி. 165. பகுதி எப்படி முழுமையை மிஞ்சும்?

பதில்: மிஞ்சாது. எம் துணைக்கூறை ஆன்டிபாடியால் அடக்கி, மிஞ்சும் பி செயல்பாட்டை இரண்டால் பெருக்கும் முறை அது. மேக்ரோ சி.கே.யோ சி.கே.பி.பி.யோ இருந்தால் அதையும் எம்.பி. என்று எண்ணிப் பெருக்கிவிடும். இதயத் தசைப் புரதமான டிரோபோனின் பாருங்கள்.

கேள்வி (செவிலியர்): இரண்டு நாளாகக் கால்சியம் ஏற்றுகிறோம், பொட்டாசியமும் ஏற்றுகிறோம். இரண்டும் ஏறவே இல்லை.

பதில்: மக்னீசியம் பாருங்கள். அது குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சுரப்பதும் குறையும், சுரந்தது எலும்பில் வேலை செய்வதும் குறையும். சிறுநீரகமும் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்க முடியாமல் விட்டுக்கொண்டே இருக்கும். நீண்ட நாள் அசிடிட்டி மாத்திரை, நீர் பிரிய மாத்திரை, மது, வயிற்றுப்போக்கு இவற்றில் ஒன்றாவது கேஸ் ஷீட்டில் இருக்கும்.

அதே செவிலியர்: மக்னீசியம் 0.9 மி.கி. என்று வந்தது மேடம்.

பதில்: அதை ஏற்றச் சொல்லுங்கள். கிரியேட்டினின் பார்த்துவிட்டு.