மைவி கார் வளைவில் வெளியே போகிறது, டயரை மாற்றவா?

மலேசியாவின் செப்பாங் கார்ப் பந்தய டிராக்கில் மைவி ஓட்டியபோது, ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி வெளிப்பக்கமே நழுவியது, நல்ல டயர் போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டயருக்குக் காசு போடும் முன் உங்கள் காலைக் கவனியுங்கள். நானும் பந்திங் பக்கம் தோட்டத்துப் பையன்தான். செம்பனை லோரிக்குப் பின்னால் ஓட்டிப் பழகியவன், டிராக்கில் இதே தப்பைத்தான் செய்தேன்.

டயரின் பிடிமானம் ஒரு பானைச் சோறு மாதிரி. பிரேக், திருப்பம், ஆக்சிலேட்டர் மூன்றும் அதிலேதான் பங்கு கேட்கும். மைவியில் இன்ஜின் இழுப்பதும் முன்சக்கரம், திரும்புவதும் அதே சக்கரம். வேகமாக வளைவுக்குள் போய், பாதி வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்தால், எடை பின்னால் சாய்ந்து முன்டயர் இன்னும் வழுக்கும். அப்போது மேலும் ஒடிக்காதீர்கள். ஸ்டியரிங்கைச் சற்றுத் தளர்த்தி, காலை மெதுவாக எடுங்கள். சட்டென்று எடுத்தால் பின்பக்கம் சுழன்றுவிடும்.

நேர்ப்பாதையிலேயே பெரும்பாலான பிரேக்கை முடியுங்கள். மிச்சத்தைத் திருப்பத் திருப்பக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். எடை முன்னால் நிற்கும். செப்பாங்கின் 5.543 கிலோமீட்டர் சுற்றில் கடைசி, 15-ஆவது வளைவு இதற்கு நல்ல பள்ளிக்கூடம். நீண்ட நேர்ப்பாதை முடிவில் கூர்மையான இடது திருப்பம் அது. உள்விளிம்பைக் கொஞ்சம் தாமதமாகத் தொடுங்கள், வெளியே வரும்போது ஸ்டியரிங் நேராகிக்கொண்டே போகும், தைரியமாக மிதிக்கலாம்.

அப்புறம், சூட்டில் டயர் காற்றழுத்தம் ஏறும். சில சுற்று முடிந்து டிராக்கை விட்டு வந்ததும் அளந்து பாருங்கள்.