குளிரில் சுருங்கி வெயிலில் தொங்கும் விதைப்பை: கோளாறா?

திருவையாற்றுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: மார்கழியில் காவிரியில் முங்கி எழுந்தால் விதைப்பை கொட்டைப்பாக்கு மாதிரி சுருங்கிவிடுகிறது, சித்திரை வெயிலில் தொங்கிப்போகிறது, இது நோயா?

இல்லை தம்பி, அதன் வேலையே அதுதான். விந்தணு நன்றாக உருவாக, விதையின் சூடு உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்க வேண்டும். அதனால்தான் விதைகள் வயிற்றுக்கு வெளியே இருக்கின்றன. குளிர்ந்தால் ஒரு தசை விதையை மேலே இழுக்கும், இன்னொன்று தோலைச் சுருக்கும். சூடானால் இரண்டும் தளரும். இன்னொரு ஏற்பாடும் உண்டு: விதைக்குப் போகும் தமனியைச் சிரைகள் வலைபோலச் சுற்றியிருக்கும். திரும்பி வரும் குளிர்ந்த ரத்தம், உள்ளே போகும் சூடான ரத்தத்தை வழியிலேயே ஆற்றிவிடும்.

ஒரு விந்தணு உருவாகக் கிட்டத்தட்ட 74 நாள். குறுவை நெல்லே 110 நாள் கேட்கிறது, இது பரவாயில்லை! அதனால் கடும் காய்ச்சல் வந்தால் அதன் பாதிப்பு சில வாரம் கழித்துத்தான் விந்துப் பரிசோதனையில் தெரியும்.

அப்புறம், இடது பக்கம் சற்று இறங்கியிருப்பது பலருக்கும் இயல்பு. ஆனால் திடீரென்று ஒரு பக்கம் கடுமையாக வலித்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று படுக்காமல், 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்கும்படி மருத்துவமனைக்கு ஓடுங்கள்.